லைவ் ஆல்பத்துல வாசிச்சது யாரு?

"பிரமாதமா வாசிச்சிருக்கே"ன்னு யாராவது சொன்னா எனக்குச் சந்தோஷம் வராது, சந்தேகம்தான் வரும். இவன் எதுக்கு அடி போடறான், அடுத்து என்ன கேக்கப் போறான்னு மனசு அலையும். அதனால, எங்க லைவ் ஆல்பத்தோட முதல் காப்பியைப் போட்டுக் கேட்டப்போ, மூணாவது பாட்டுல டிரம்ஸ் எடுத்த எடுப்பைக் கேட்டு என் மச்சான் தொடையில அடிச்சு, "மாப்ளே, பின்னிட்டேடா!"ன்னு கத்தினான் பாருங்க, நான் அவனை முறைச்சுப் பார்த்தேன்.

ஏன்னா, அது நான் இல்ல.

முதல்ல ஆளுங்களைச் சொல்லிடறேன், இல்லன்னா குழம்பிடுவீங்க. மச்சான்னா என் பொண்டாட்டியோட அண்ணன். எனக்கும் அவனுக்கும் ஒரே வயசு, முதல்ல சிநேகிதன், அப்புறம்தான் மச்சான். எங்க பேண்டுல பாடறவன் அவன். பேண்டே அவன்தான்னு அவனுக்கு ஒரு நினைப்பு. நான் டிரம்ஸ். ஆல்பத்தை உட்கார்ந்து சரி பண்ணினது 'காது'ன்னு நாங்க கூப்பிடற ரெக்கார்டிங்காரர். அவருக்கு அம்மா அப்பா வச்ச பேரு ஒண்ணு இருக்கணும், ஆனா அதைச் சொல்லிக் கூப்பிட்டா அவரே திரும்பிப் பார்க்க மாட்டாரு. பழைய அச்சகத்துக்கு மேல ஜன்னலே இல்லாத ஒரு ரூம், சுவர் பூரா கம்பளம், நடுவுல கைப்பிடி உடைஞ்ச ஒரு சுழல் நாற்காலி. அதுல உட்கார்ந்துதான் காது ஊருல இருக்கற பாதிப் பேரோட லைவ் ஆல்பத்தைச் "சரி பண்ணுவார்".

லைவ் ஆல்பம்னா என்னன்னு நினைச்சுட்டு இருக்கீங்க? மேடையில நடந்ததை அப்படியே பிடிச்சு டப்பாவுல அடைச்சு உங்க கையில கொடுக்கறாங்கன்னா? அட போங்க. பாடகன் சுருதி விட்ட இடத்தை மறுபடி பாடி ஒட்டுவான். கீபோர்டுக்காரன் தப்பா அமுக்கின இடத்தை வீட்டுல உட்கார்ந்து சரியா அமுக்கி அனுப்புவான். கைதட்டல் தனியா ஒரு இடத்துல இருக்கும், வேணுங்கற அளவு அள்ளிப் போட்டுக்கலாம். பாதி நாற்காலி காலியா கிடந்த கச்சேரிக்கு ஆல்பத்துல மைதானமே எழுந்து நிக்கும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா? அந்த வேலையே நான்தானே பண்றேன்! வேற பேண்டுக்காரன் மேடையில சொதப்பினா, காது எனக்குப் போன் போடுவார். நான் போயி அதே பாட்டுக்கு, அதே வேகத்துல, அந்த டிரம்மரோட பழக்கவழக்கம் மாறாம வாசிச்சுக் கொடுத்துட்டு வந்துடுவேன். பேரு வராது. அந்த டிரம்மருக்கே சொல்ல மாட்டாங்க. அவன் அந்த ஆல்பத்தை வீட்டுக்கு வர்றவங்களுக்கெல்லாம் போட்டுக் காட்டி நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு இருப்பான். இதுவரைக்கும் ஒருத்தனாவது "இது நான் இல்லையே"ன்னு வந்து கேட்டிருக்கானா? இல்லவே இல்ல. புகழ்ச்சின்னா மனுஷன் மெல்லாம முழுங்கறான்.

நான் முழுங்கற ஆள் இல்ல.

அந்தக் கச்சேரி அன்னைக்கு நடந்தது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. எங்க எல்லாருக்கும் காதுக்குள்ள ஒரு சின்ன இயர்போன் இருக்கும். அதுல டிக், டிக்னு தாளச் சத்தம் ஓடிக்கிட்டே இருக்கும், அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வாசிப்போம். மூணாவது பாட்டு ஆரம்பிச்ச உடனே எனக்கு மட்டும் அது செத்துப்போச்சு. டிக் டிக்கும் போச்சு, மச்சான் குரலும் போச்சு. மேடையில புகையை வேற விட்டுட்டாங்க, முன்னாடி யார் இருக்கான்னே தெரியல. ஆத்துல விழுந்தவன் மாதிரி கையைக் காலைப் போட்டு அடிச்சேன். எங்க ஓடறேன், எங்க நிக்கறேன், ஒண்ணும் தெரியல. மணிக்கட்டு விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. பாட்டு முடிஞ்சப்போ என் மானம் போச்சுன்னுதான் நினைச்சேன். கச்சேரி முடிஞ்சதும் பின் வாசல் வழியா நழுவி வீட்டுக்கு வந்துட்டேன். மறுநாள் மச்சான் போன்ல "சூப்பர்டா"ன்னான். அவன் எல்லாக் கச்சேரிக்கும் மறுநாள் "சூப்பர்டா"ன்னுதான் சொல்லுவான். ஒரு தடவை மேடை சரிஞ்சப்போ கூட அப்படித்தான் சொன்னான்.

இப்போ ஆல்பத்துல அதே மூணாவது பாட்டு. டிரம்ஸ் சும்மா சீறிக்கிட்டுப் போகுது. ஒரு இடத்துல கொஞ்சம் பின்னாடி இழுத்து, எல்லாரையும் தவிக்க விட்டு, அப்புறம் தூக்கி அடிச்சு வருது. சத்தியமா சொல்றேன், எனக்கே முதுகுத்தண்டு சில்லுன்னு ஆயிடுச்சு. கூடவே பொறாமையும் வந்துச்சு. அப்பதான் என் தலைக்குள்ள பல்பு எரிஞ்சது: சுருட்டை.

சுருட்டைங்கறது வாடகைக்கு டிரம்ஸ் விடற இளவட்டம். தலை முடி பூரா சுருள் சுருளா இருக்கும். கச்சேரி அன்னைக்கு மதியம் சாமானை இறக்கி, மாட்டி, சத்தம் சரியா வருதான்னு பார்க்க ஸ்டூல்ல உட்கார்ந்து கொஞ்சம் வாசிச்சான். நல்லாத்தான் வாசிச்சான். என் மச்சான் வாயைப் பொளந்துட்டு நின்னதை நான் கண்ணால பார்த்தேன். அதுக்கு முந்தின வாரம்தான் மச்சான் என்கிட்ட, "மணிக்கட்டு எப்படிடா இருக்கு, டூர் தாங்குமா?"ன்னு ஒரு மாதிரியா கேட்டிருந்தான். ஆல்பம் நல்லா வந்தா ஒரு பெரிய டூர் கிடைக்கும்னு பேச்சு. ஊர் ஊரா சுத்தி பாதி வருஷம் வாசிக்கணும். அந்த டூர்ல என் ஸ்டூல்ல எவன் உட்காரறானோ அவன்தான் அதுக்கப்புறம் பேண்டோட டிரம்மர். எனக்கு வேற தொழில் தெரியாது, வேற பேண்டும் இந்த வயசுல என்னைக் கூப்பிடாது. அப்புறம் காது ரூம்ல அடுத்தவன் பேருக்கு வாசிச்சே சாக வேண்டியதுதான். இதை நினைச்சா யாருக்குத்தான் தூக்கம் வரும்?

முதல்ல காதைப் பிடிச்சேன்.

"டிரம்ஸ்ல நான் கையே வைக்கல அண்ணே"ன்னார்.

"காது, இதே வார்த்தையை எத்தனை டிரம்மர்கிட்ட நீங்க சொல்லியிருக்கீங்க! நான் இதே ரூம்ல, இதோ இந்தத் திரைக்குப் பின்னாடி உட்கார்ந்து கேட்டிருக்கேன்."

அவருக்கு மூஞ்சி செத்துப்போச்சு. "வேணும்னா உங்க தலைக்கு மேல இருந்த மைக்கை மட்டும் தனியா போடறேன், நீங்களே கேளுங்க"ன்னார்.

"என்னத்தைக் கேக்கறது? சுருட்டை வாசிச்சதை இன்னும் பக்கத்துல போயி கேக்கணுமா? வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சாதீங்க"ன்னுட்டு எழுந்து வந்துட்டேன்.

சுருட்டைக்குப் போன் போட்டேன். "அண்ணே, நானா? அப்படி ஒரு வாசிப்பு வாசிச்சிருந்தா ஊர் பூரா தண்டோரா போட்டிருக்க மாட்டேனா?"ன்னு சிரிக்கறான். எப்படிப்பட்ட பதில் பாருங்க! என்கிட்ட யாராவது கேட்டிருந்தா நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். அதுக்கப்புறமும் தினம் போன் போட்டு அவனைத் திட்டினேன்.

வீட்டுல பொண்டாட்டி துணி மடிச்சுக்கிட்டு இருந்தா. "ஏம்மா, நீ மேடை ஓரத்துலதானே நின்னே? மூணாவது பாட்டுல நான் எப்படி வாசிச்சேன்?"ன்னு கேட்டேன்.

"நல்லாத்தான் வாசிச்சீங்க. மூஞ்சிதான் பேய் அறைஞ்ச மாதிரி இருந்துச்சு."

"ஆல்பத்துல இருக்கறது நானா?"

"பின்ன, எதிர்வீட்டுக்காரரா?"

"உங்க அண்ணன் பக்கம்தானே நீ பேசுவே. ரத்தம் தண்ணியாகுமா?"

அவ மடிச்சுக்கிட்டிருந்த சட்டையைச் சுருட்டி என் மூஞ்சியில எறிஞ்சா. "கல்யாணத்தன்னைக்கே 'பொண்ணு மாத்திட்டாங்களா'ன்னு திரும்பித் திரும்பிப் பார்த்த ஆளுதானே நீங்க! உங்ககிட்ட எதையும் நிரூபிக்க முடியாது"ன்னா. கல்யாணத்துல தலைகுனிஞ்சு உட்கார்ந்திருந்தா எப்படி அடையாளம் தெரியும்? அதை இன்னும் சொல்லிக் காட்டறா.

கச்சேரிக்கு வந்தவங்க போன்ல பிடிச்ச படம் ஏதாவது இருக்கான்னும் தேடிப் பார்த்தேன். நிறைய இருந்துச்சு. எல்லாத்துலயும் மச்சான் மூஞ்சிதான். பின்னாடி புகை. புகைக்குள்ள நான் இருக்கேனா, இல்ல ஒரு பீரோ இருக்கான்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம். சத்தமோ, கேக்கவே வேண்டாம், படம் பிடிச்சவங்களே கூடப் பாடிக்கிட்டிருக்காங்க.

எனக்கு மனசுல ஒண்ணு வந்துட்டா வாயில நிக்காது. ஹால் மேனேஜர்கிட்ட சொன்னேன், ஸ்பீக்கர் வாடகைக்காரர்கிட்ட சொன்னேன், முடி வெட்டப் போன இடத்துல கழுத்துல துண்டைக் கட்டிக்கிட்டே சொன்னேன்: "எங்க ஆல்பம் ஒண்ணு வரப் போகுது பாருங்க, அதுல மூணாவது பாட்டு வாசிச்சது நான் இல்ல, சுருட்டை. என் முதுகுக்குப் பின்னாடி வேலை நடந்திருக்கு." எல்லாரும் "அடப்பாவமே"ன்னு சொல்லிட்டு இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து கேட்டாங்க. அடுத்தவன் வீட்டுச் சண்டைன்னா ஜனங்களுக்கு அவ்வளவு ஆனந்தம்.

கடைசியில நேரா மச்சான்கிட்டயே போனேன். பழைய வண்டி ஷெட்டுலதான் நாங்க வாசிச்சுப் பழகறது. அவன் தொண்டைக்கு வெந்நீர் குடிச்சுக்கிட்டு இருந்தான்.

"மச்சான், மூணாவது பாட்டை நீ திருப்பிப் பாடினியா இல்லையா?"

அவன் ரெண்டு பக்கமும் பார்த்துட்டு, "பாடினேன்"னான். "கீபோர்டும் திருப்பி வாசிச்சான், கிடாரும் திருப்பி வாசிச்சான். அன்னைக்கு நீ எங்கேயோ பிச்சுக்கிட்டுப் போயிட்டே மாப்ளே. எங்க காதுல டிக் டிக் ஒரு பக்கம் போகுது, நீ ஒரு பக்கம் போறே. எங்களால பிடிக்க முடியல, திண்டாடிட்டோம். அப்புறம் டிரம்ஸுக்கு ஏத்த மாதிரி நாங்க எல்லாரும் புதுசா..."

"பாத்தியா! டிரம்ஸுக்கு ஏத்த மாதிரி! யார் டிரம்ஸுக்கு?"

"உன் டிரம்ஸுக்குடா, எருமை!"

"எல்லாரும் திருப்பி வாசிச்சிருக்கீங்க, நான் ஒருத்தன் மட்டும் மாத்த வேண்டிய அவசியமே இல்லாம வாசிச்சுட்டேன். இதை நான் நம்பணும், இல்ல? காதுல பூ வச்சுக்கிட்டா வந்திருக்கேன்?"

அவன் வெந்நீர் டம்ளரைக் கீழே வச்சான். "இப்ப என்னதான் வேணும் உனக்கு?"

"சுருட்டை வாசிச்சதைத் தூக்கு. அந்த இடத்துல நான் வந்து வாசிக்கறேன். முடியாதுன்னா என் பேரு ஆல்பத்துல வேண்டாம், நானும் பேண்டுல வேண்டாம்."

டம்ளர்ல மிச்சமிருந்த வெந்நீரைத் தரையில கொட்டினான். அப்புறம் "உன் தலையெழுத்து, வந்து வாசி"ன்னுட்டு ஷெட்டு கதவை உதைச்சுத் தள்ளிட்டுப் போயிட்டான்.

வாசிச்சேன். காது ரூம்ல, நல்ல இயர்போன் மாட்டிக்கிட்டு, டிக் டிக்கை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, ஒரு அடி பிசகாம வாசிச்சேன். புது டிரம்ஸுக்கு ஏத்த மாதிரி மச்சானும் மத்தவங்களும் மறுபடி ஒரு தடவை பாடி, வாசிச்சு ஒட்டினாங்க, என்னைத் திட்டிக்கிட்டே. காது எல்லாத்தையும் கோத்து முடிச்சுட்டு, "அண்ணே, இன்னொரு தடவை யோசிங்க. பழசு உயிரோட இருந்துச்சு"ன்னார்.

"இதுதான் நான்"னேன். அன்னைக்கு வந்த நிம்மதி இருக்கே, அப்பாடா! வீட்டுக்குப் போற வழியெல்லாம் ஸ்டீரிங் மேல தாளம் போட்டுக்கிட்டே போனேன்.

ஆல்பம் வந்துச்சு. நல்லாத்தான் பேசினாங்க. யாரோ ஒருத்தர் எழுதினதைப் பொண்டாட்டி போன்ல பார்த்து எனக்குப் படிச்சுக் காட்டினா: "நேர்ல மேடைக்கு முன்னாடி உட்கார்ந்த மாதிரியே இருக்கு. மூணாவது பாட்டுல டிரம்ஸ் மட்டும் பின்னாடி கொண்டு வந்து ஒட்டின மாதிரி இருக்கு."

"எழுதினவன் சுருட்டையோட ஆளா இருப்பான்"னேன். அவ போனை வச்சுட்டு உள்ளே போயிட்டா.

கொஞ்ச நாள் கழிச்சு மச்சான் வீட்டுக்கு வந்தான். செருப்பைக் கூடக் கழட்டல. "கிளம்பு"ன்னு என் சட்டைக் காலரைப் பிடிச்சுட்டான். தங்கச்சி முன்னாடி இப்படி அவன் நடந்துக்கிட்டதே இல்ல. வண்டியில போகும்போதுதான் விஷயத்தைச் சொன்னான். டூர் நடத்தற அம்மாவுக்கு முதல் காப்பியை நாங்க கேட்ட அன்னைக்கே அவன் அனுப்பியிருக்கான். அவங்க அந்த மூணாவது பாட்டுக்காகத்தான் எங்களை எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க. இப்போ கடைக்கு வந்த ஆல்பத்தைக் கேட்டுட்டுப் போன் பண்ணிக் கேக்கறாங்களாம்: அந்த டிரம்மர் எங்கே? அவர் வந்தா டூர் உண்டு, இல்லன்னா யோசிக்கணும்.

"அந்த டிரம்மர் சுருட்டைன்னு சொல்லிட வேண்டியதுதானே"னேன். என் கதை முடிஞ்சதுன்னு நினைச்சேன்.

மச்சான் என்னைக் காது ரூம்ல கொண்டு போயி உட்கார வச்சான். காதுகிட்ட, "போடுய்யா"ன்னான். காது எல்லாத்தையும் அணைச்சாரு. பாட்டு இல்ல, கீபோர்டு இல்ல, கைதட்டல் இல்ல. முதல் காப்பியில என் தலைக்கு மேல இருந்த மைக் மட்டும் ஓடுது. டிரம்ஸ் அடி காதைப் பொளக்குது. அந்த அடிகளுக்கு நடுவுல யாரோ புலம்பற சத்தம்.

"போறான்... போறான் பாரு... சனியன் பிடிச்ச இயர்போன்... டேய் மச்சான், எங்கடா இருக்கே... குரல் இருக்குன்னு திமிரு... மணிக்கட்டு தாங்குமாவா, மணிக்கட்டு... தாங்குதா பாரு... இரு... இரு... இப்ப வாடா!"

உடனே அந்தத் தூக்கி அடிச்ச அடி. அதோட சேர்ந்து "ஆ அம்மா"ன்னு ஒரு முனகல்.

என் குரல்.

வாசிக்கும்போது நான் முணுமுணுப்பேன்னு பொண்டாட்டி எப்பவோ சொல்லியிருக்கா, நான் நம்பினதில்ல. காது நாற்காலியைத் திருப்பினாரு. "அந்த ஆல்பத்துல அன்னைக்கு மேடையில நிஜமா நடந்தது இது ஒண்ணுதான் அண்ணே. குரல் ஒட்டினது, கீபோர்டு ஒட்டினது, கைதட்டல் வேற ஏதோ ஊர்க் கச்சேரியோடது. இதை மட்டும் நான் தொடல. தொட மனசு வரல"ன்னார்.

நான் அழுதேன். வெக்கமில்லாம அழுதேன். இவ்வளவு நல்லா வாசிச்சிருக்கேனேன்னு அழுதேனா, அதை நானே பிடுங்கிப் போட்டேனேன்னு அழுதேனா, தெரியல. மச்சான் என் தலையில ஒரு குட்டு வச்சு, "குரல் இருக்குன்னு எனக்குத் திமிரா? இரு, உன்னை டூர்ல வச்சுக்கறேன்"னான். அவனும் கண்ணைத் துடைச்சுக்கிட்டான். அந்தப் பொழுது எனக்குப் போதும்னு தோணுச்சு. ஸ்டூல் என்னுதுதான், யாரும் பிடுங்கல, பிடுங்க நினைக்கவும் இல்ல.

மறுநாள் டூர் அம்மா அங்கேயே வந்தாங்க. சின்ன உருவம், பெரிய கைப்பை, யார் பேசினாலும் பேசறவங்க கையைப் பார்த்துக்கிட்டே கேக்கறவங்க. மச்சான் என்னை முன்னாடி தள்ளி, "இவர்தாம்மா அந்த டிரம்மர்"னான்.

"ரெண்டாவது காப்பி வாசிச்சவரா?"

"ரெண்டும் இவர்தான்!"

"அப்போ நல்லா இருந்ததை ஏன் எடுத்தீங்க?"ன்னு என்னைக் கேட்டாங்க.

"அது நான் இல்லன்னு நினைச்சேம்மா"ன்னேன். உண்மைதான். ஆனா அந்த ரூம்ல அதைச் சத்தமா சொன்னப்போ எனக்கே பைத்தியக்காரத்தனமா பட்டுச்சு.

அவங்க மெதுவா தலையாட்டினாங்க. "போன வருஷம் ஒரு லைவ் ஆல்பத்தைக் கேட்டு மயங்கி ஒரு பேண்டைக் கூட்டிட்டுப் போனேன் சார். மேடையில ஏத்தினா, ஆல்பத்துல வாசிச்சவங்க ஒருத்தர் கூட அதுல இல்ல. ஜனங்க என்னைத்தான் பிடிச்சுத் திட்டினாங்க. அதனால தப்பா நினைச்சுக்காதீங்க, கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க."

பக்கத்து ரூம்ல டிரம்ஸ் இருந்துச்சு. டிக் டிக்கோட வாசிச்சேன், சுத்தமா வந்துச்சு, ரெண்டாவது காப்பி மாதிரி. இயர்போனைக் கழட்டிட்டு வாசிச்சேன். அன்னைக்கு எனக்கு ஒண்ணும் தெரியல, பயம், ஆத்திரம், வலி மட்டும்தான். இன்னைக்கு அந்த அம்மா என் கையையே பார்க்கறாங்க, நானும் என் கையைப் பார்க்கறேன். தூக்கி அடிக்க வேண்டிய இடத்துக்கு ஒரு விநாடி முன்னாடியே போயி நின்னுட்டேன். அவங்க எழுதி வச்சுப் படிக்கற மாதிரி, "நல்லா வாசிக்கறீங்க. ஆனா அவர் வேற"ன்னாங்க.

மச்சானுக்குத் தாங்கல. எனக்கு உதவி பண்றேன்னு வாயை விட்டான். "என்னம்மா இப்படிச் சொல்லிட்டீங்க? இவர் கையோட மகிமை உங்களுக்குத் தெரியாது. எத்தனை பேரோட லைவ் ஆல்பத்துக்கு இவர் பின்னாடி வந்து வாசிச்சுக் கொடுத்திருக்கார் தெரியுமா? ஒருத்தராலயும் கண்டுபிடிக்க முடியல!"

எனக்கு அப்படியே அவன் வாயைப் பொத்தணும் போல இருந்துச்சு. அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "ஓ, அந்த வேலையும் பண்றீங்களா?"ன்னாங்க. அப்புறம், "நான் விசாரிச்சேன் சார். ஹால் மேனேஜர் சொன்னார், ஸ்பீக்கர்காரரும் சொன்னார். முதல் காப்பி வாசிச்சது அந்தச் சுருட்டை முடித் தம்பின்னு நீங்களே எல்லார்கிட்டயும் சொன்னீங்களாம்."

காது அவசர அவசரமா அந்த மைக்கைப் போட்டாரு. என் குரல் ரூம் பூரா புலம்புச்சு. மச்சானைத் திட்டுச்சு, இயர்போனைத் திட்டுச்சு, "ஆ அம்மா"ன்னு முனகிச்சு. அவங்க கண்ணை மூடிக்கிட்டுக் கடைசி வரைக்கும் கேட்டாங்க. சிரிக்கவும் சிரிச்சாங்க. எனக்கு உயிர் வந்துச்சு.

"அடிச்சது ஒருத்தர், புலம்பினது ஒருத்தரா இருக்கலாம் இல்லையா?"ன்னாங்க.

"சத்தியமா இல்லம்மா"ன்னார் காது.

"உங்க சத்தியம் இருக்கட்டும். கைதட்டலையே வேற ஊர்லேருந்து கொண்டு வந்து வச்சிருக்கீங்க." அவங்க என்னைப் பார்த்தாங்க. கோபமே இல்லாம, மரியாதையாத்தான் கேட்டாங்க. "நீங்களே சொல்லுங்க சார். நீங்க இந்த வேலையில இருக்கறவர், உங்க வார்த்தையை நான் எடுத்துக்கறேன். இப்படி ஒரு குரலைப் பின்னாடி பேசி ஒட்ட முடியுமா, முடியாதா?"

மச்சான் என் தோளை இறுக்கிப் பிடிச்சான். அவன் மனசு எனக்குக் கேட்டுச்சு: முடியாதுன்னு சொல்லித் தொலையேன்டா.

முடியாதுன்னு சொல்லலாம். ஒரு வார்த்தைதான். ஆனா போன மழைக்காலத்துல ஒரு டிரம்மருக்காக வாசிச்சப்போ, அந்த ஆள் அடிக்கடி மூச்சு வாங்குவார்னு, அந்த மூச்சையும் நான்தான் மைக்குக்கு முன்னாடி நின்னு வாங்கிக் கொடுத்தேன். காது பக்கத்துலதான் இருந்தார். இப்போ அவர் கீழே தரையைப் பார்த்துக்கிட்டு இருக்கார். பொய் சொன்னா என் மூஞ்சியே காட்டிக் கொடுத்துடும், அது எனக்குத் தெரியும். அதோட, இத்தனை பேரைச் சந்தேகப்பட்டுட்டு, என்னை நம்புன்னு இவங்ககிட்ட கேக்க எனக்கு வாய் வரல.

"முடியும்மா"ன்னேன். "நானே பண்ணியிருக்கேன்."

அவங்க ரொம்ப நல்ல மாதிரி. "உண்மையைச் சொன்னதுக்கு நன்றி சார்"னு எனக்குக் கும்பிடு போட்டாங்க. அப்புறம் போனை எடுத்து வச்சுக்கிட்டு, "அந்தத் தம்பியோட நம்பர் யார்கிட்டயாவது இருக்கா?"ன்னாங்க.

மச்சான் என் தோள்லேருந்து கையை எடுத்துட்டான். காது நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டார்.

நான்தான் சொன்னேன். எனக்கு மனப்பாடமா இருந்துச்சு, அத்தனை தடவை கூப்பிட்டு அந்தப் பையனைத் திட்டியிருந்தேன்.